நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



போன மாதம் திட்டக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு, மக்காச்சோளத்தில் படைப்புழு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். குருத்தைப் பிரித்துக் காட்டி, மருந்தும் அளவும் சொல்லிவிட்டு வரப்பில் ஏறினேன். வயல்காரர் பின்னாலேயே வந்தார். "சார், புழுவுக்கு வழி சொல்லிட்டீங்க. ராத்திரியில பன்னி வந்து சாய்ச்சிட்டுப் போவுதே, அதுக்கு என்ன பண்றது? நல்ல சாதி நாய்க்குட்டி ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். நான் வேளாண்மை படித்தவன். கால்நடை மருத்துவன் இல்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் கால்நடை மருத்துவராக இருக்கும் என் நண்பரிடம் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். அந்த விவரமும், என் சொந்த அனுபவமும் சேர்ந்ததுதான் இன்றைய பேச்சு.

நாம் நெல் விதை வாங்கப் போனால் என்ன செய்கிறோம்? மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி எது என்று கேட்கிறோம். மாடு வாங்கினால் கேட்கவே வேண்டாம். பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், மடியைப் பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். ஆனால் நாய்க்குட்டி என்று வந்துவிட்டால் நிறத்தைப் பார்க்கிறோம், நகத்தை எண்ணுகிறோம், தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். சும்மா கிடைக்கிற பொருள்தானே என்ற எண்ணம். மாடு சரியில்லை என்றால் சந்தையில் விற்றுவிடலாம். நாயை யார் வாங்குவார்கள்?

முதலில் ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். நாய் எதற்கு? காட்டுப் பன்றிக்கு என்றால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாய் பன்றியைக் கண்டு குரைக்கும், உங்களை எழுப்பும், அவ்வளவுதான். தனியாகப் பன்றியோடு மோதினால் வயிறு கிழிந்து திரும்பும். கொல்லையில் கோழிக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவல், இரவில் ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும் என்றால் நாய் அதற்கு ஏற்றதுதான். அடுத்தது, யார் பார்த்துக் கொள்வது? ஒரு நாய் 10 முதல் 14 வருடம் வரை உயிரோடு இருக்கும். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவான், நாய் அப்போதும் திண்ணையில் படுத்திருக்கும். வேலைக்காகக் குடும்பத்தோடு மாதக் கணக்கில் திருப்பூர், சென்னை என்று போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பூட்டின வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாக நிற்கும் நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்ன நாய்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் தமிழ்நாட்டுக்கே உரிய நாய்கள் உண்டு. இவை அருகிப் போகக் கூடாது என்று அரசாங்கம் 1980களிலேயே சென்னை சைதாப்பேட்டையில் ஒரு இனப்பெருக்க நிலையம் ஏற்படுத்தியது. 2005ஆம் ஆண்டு தபால் துறை வெளியிட்ட நாய் படத் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்த நான்கு பெயர்களும் வந்தன. அதெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் கிராக்கி என்று வந்தால் கலப்படமும் வரும், அது விதையானாலும் சரி, நாயானாலும் சரி. ஒல்லியாக, கால் நீளமாக இருக்கிற எந்தக் குட்டியையும் சிப்பிப்பாறை என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தாயையும், முடிந்தால் தகப்பனையும் கண்ணால் பார்க்காமல் சாதி நாய் என்று பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. கண்ணில் ஒன்று ஓடினால் துரத்தும். அது முயலா, பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடா என்று பார்க்காது. ஆட்டைக் கடித்துவிட்டால் அதற்குப் பஞ்சாயத்து நீங்கள்தான் பேச வேண்டும். முயல் பிடிக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று, அது பார்க்காதபோது ஒரு தட்டைத் தட்டுங்கள். திரும்பிப் பார்க்காத குட்டியைக் காவலுக்கு வாங்கி என்ன செய்வது? மயிர் அடர்ந்த வெளிநாட்டு நாய்களைப் பற்றி ஒரே வார்த்தை: சித்திரை வெயிலில் நாமே தாங்காத ஊரில் அவை படுகிற பாடு பாவம்.

என்னைக் கேட்டால், உங்கள் தெருவிலேயே நல்ல குணமுள்ள ஒரு நாட்டு நாய் குட்டி போட்டிருந்தால் அதைவிட மேல் எதுவும் இல்லை. நம் வெயிலுக்கும், நம் கூழுக்கும் பழகின உடம்பு. தாயின் குணம் என்ன என்று தெருவே சொல்லும். தாய் காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிறதா, வீட்டுக் குழந்தைகளோடு அமைதியாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்க்க வேண்டும். பெண் எடுக்கிற விஷயத்தில் நம் பெரியவர்கள் செய்வதுதானே!

வயது முக்கியம். கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தவுடன், இருபது இருபத்தைந்து நாளிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அது பெரிய தவறு. 8 வாரம் வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவையோடும் இருக்க வேண்டும். பாலுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக் கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காத குட்டி பிற்பாடு உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். நாய்க்குட்டி விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு விதிகளும் 8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. விற்கிறவர் "ரெண்டு மாசம் ஆயிடுச்சுங்க" என்பார். வாயைத் திறந்து பாருங்கள். பால்பல் வரிசை முழுதும் முளைத்திருக்க வேண்டும். ஈறில் முனை மட்டும் தெரிந்தால் மாதம் ஒன்றுதான்.

காதைப் பிடித்துத் தூக்கி, கத்தாத குட்டிதான் வீரமான குட்டி என்று எடுக்கிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், குட்டிக்கு வலிப்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது. தரையில் உட்காருங்கள், நாக்கால் சத்தம் கொடுங்கள். முதலில் ஓடிவந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேலே ஏறுகிற குட்டியும் வேண்டாம், மூலையில் போய் நடுங்குகிற குட்டியும் வேண்டாம். சற்று நிதானித்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்து கையை மோந்து பார்க்கிற குட்டியை எடுங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்பக்கம் மலம் ஒட்டியிருப்பது, உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல் இருப்பது, தோலில் சொறி, இவை இருந்தால் எடுக்காதீர்கள். பரிதாபப்பட்டு எடுத்தால், வீட்டுக்குப் போகும் முன் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

இப்போது ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரும் வெள்ளாற்றுக் கரை ஊர்தான். அப்பா சந்தையிலிருந்து திரும்பும்போது துண்டில் சுற்றி ஒரு செவலைக் குட்டியைக் கொண்டு வந்தார். எங்கேயிருந்து வந்த குட்டி, தாய் எது, யாரும் கேட்கவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அதோடுதான் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. அவனும் நானும் ஒரே வகுப்பு. இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் குட்டி சோறு தின்னவில்லை. கீழ்த்தாடை தொங்கிவிட்டது, வாயிலிருந்து எச்சில் கோடாக வழிகிறது. குரலும் மாறிவிட்டது. ஆயா பார்த்துவிட்டு, "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சுடா" என்றார். அப்பா வாய்க்குள் விரலை விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பையன்களும் மாற்றி மாற்றித் தண்ணீர் புகட்டினோம். மூன்றாம் நாள் குட்டி செத்தது. வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தோம்.

உறவுக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். தற்செயலாக வந்தவர் விவரம் கேட்டு, "எலும்பு இல்ல மாமா, அது வெறி" என்று எழுந்து நின்றுவிட்டார். வெறி என்றால் நாய் தெருவெல்லாம் ஓடிக் கடிக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஊமை வெறி என்று ஒன்று உண்டு. நாய் யாரையும் துரத்தாது, தாடை செயலற்றுத் தொங்கும், விழுங்க முடியாது. பார்த்தால் எலும்பு மாட்டினது போலவேதான் இருக்கும். கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கையில் சிராய்ப்பு இருந்து அதில் எச்சில் பட்டால் போதும்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்து பேரும் பஸ் ஏறிப் போய் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டோம். அப்போது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. தினம் ஒன்றாகப் பதினான்கு. வயிறு கல் மாதிரி வீங்கிவிடும். பக்கத்து வீட்டிலும் அப்பா போய்ச் சொன்னார். அறுவடை நேரம், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. "கடிக்கலியே, நக்கித்தானே இருக்கு" என்றும் சொன்னார்கள். ஒரு வேரை அரைத்துக் கொடுத்து, கையில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். பையன் நன்றாகத்தான் இருந்தான், பள்ளிக்கூடம் வந்தான். தை முடிந்து மாசியில் ஒருநாள் அவனுக்குத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மூன்று நாள்தான்.

அவனுடைய அம்மா இன்னும் அதே வீட்டில் இருக்கிறார். நான் ஊருக்குப் போனால் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பார். குட்டியைக் கொண்டு வந்தது எங்கள் வீடு.

வெறிநோய் வந்துவிட்டால் இன்றுவரை பிழைக்க வைக்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து 1885லேயே வந்துவிட்டது. பிரான்சு தேசத்தில் பாஸ்டர் என்ற அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு அந்த வருடம் ஜூலை 6ஆம் தேதி முதல் ஊசியைப் போட்டார். பையன் பிழைத்தான். நம் குன்னூரில் பாஸ்டர் பெயரால் நிறுவனம் ஏற்பட்டது 1907இல். இப்போது தொப்புள் ஊசி கிடையாது, அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. தோள்பட்டையில் சிறிய ஊசிதான். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று தோலில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் காசு இல்லை.

நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். பிறகு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால், ஊசியோடு கடிவாயிலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று சொல்லாதீர்கள். மாடோ ஆடோ விழுங்க முடியாமல் எச்சில் வடித்தாலும் வாய்க்குள் கையை விடாதீர்கள். நாய் கடித்த மாட்டுக்கும் ஊசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில். பிறகு மருத்துவர் சொல்கிற நாளில் ஒரு ஊக்க ஊசி, அப்புறம் வருடம் தவறாமல் ஒன்று. ஜூலை 6 அன்று பல ஊர்க் கால்நடை மருந்தகங்களில் முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறார்கள். அதற்கு முன்னால் 6 முதல் 8 வாரத்தில் ரத்தக் கழிச்சலுக்கும் டிஸ்டெம்பர் என்ற காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரு ஊசி, 4 மாதம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை திரும்பவும். இந்த ரத்தக் கழிச்சல், பார்வோ என்பது, 1978 வாக்கில்தான் உலகம் முழுவதும் பரவிய புது நோய். நாற்றமடிக்கும் ரத்தபேதி, வாந்தி, இரண்டே நாளில் குட்டி போய்விடும். அதன் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். போன குட்டி இப்படிச் செத்த வீட்டில், பிள்ளை அழுகிறான் என்று மறுவாரமே இன்னொரு குட்டி கொண்டு வராதீர்கள். ஒரு வருடம் பொறுங்கள், அல்லது ஊசி எல்லாம் முடிந்த குட்டியாக எடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வருவது. உரச்சாக்கு வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி அல்லது கூடை, வெயில் தாழ்ந்த நேரம், வயிறு நிறைய ஊட்டாமல். தாய் படுத்திருந்த சாக்கு அல்லது துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். முதல் இரண்டு மூன்று ராத்திரி கத்தும். அந்தத் துணியை அடியில் போட்டு, ஆள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். கொல்லையில் தனியாகக் கட்டிப் போட்டால் அதன் அழுகைக்கு ஊர் நாயெல்லாம் சேர்ந்து கொள்ளும், உங்களுக்கும் தூக்கம் இருக்காது.

பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே ஒரு வாரம் கொடுத்துவிட்டு மெதுவாக மாற்றுங்கள். 2 மாதக் குட்டிக்கு நாளைக்கு 4 வேளை. குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை. மாட்டுப் பால் பேதியானால் நிறுத்திவிடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஆடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இது நஷ்டக் கணக்கு. ஆடு அறுக்கிற இடத்தில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் தலையையும் நாய்க்கு வீசுகிறோம். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழு ஆகிறது. முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் புல்லில் விழுகிறது. திரும்ப ஆட்டுக்குள் போய்க் கட்டியாகிறது. மந்தையில் ஒரு ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கம் சுற்றிச் சுற்றி வருமே, அதற்கும் நாயின் நாடாப்புழுவில் ஒரு வகைதான் காரணம். நாயைத் தொட்ட கையோடு சாப்பிடும் பிள்ளையின் ஈரலிலும் நீர்க்கட்டி வரும். குடல், ஈரலை வேகவைத்துப் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். குட்டிக்குப் பூச்சி மருந்து 3 மாதம் வரை 15 நாளைக்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை. எடை பார்த்து மருத்துவர் கொடுக்கிற மருந்தாக இருக்கட்டும். மாட்டுக்கு வாங்கியதில் மிச்சத்தை ஊற்றாதீர்கள்.

பருத்திக்கு அடித்த மருந்து டப்பாவும், எலி மருந்து உருண்டையும் குட்டி எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. குட்டி எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். விஷம் தின்றது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் டப்பாவோடு மருத்துவரிடம் ஓடுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தொழுதூர், ராமநத்தம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு வேலி இல்லாமல் குட்டி வளர்க்க முடியாது. ஆனால் நாள் முழுவதும் சங்கிலியில் போட்டாலும் அது கடிநாயாகத்தான் வளரும். 3 மாதத்துக்குள் கோழி, ஆடு, மாடு, சைக்கிள், வெளியாள் எல்லாவற்றையும் காட்டிப் பழக்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. வாலையும் காதையும் அரிவாளால் நறுக்குவது வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

மக்காச்சோள வயல்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. அவர் தெருக்கோடியிலேயே ஒரு வீட்டில் நாட்டு நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. போய்ப் பார்த்தோம். கடுவன் ஒன்று, பெட்டை இரண்டு. எனக்குப் பிடித்தது ஒரு சாம்பல் பெட்டை, நான் சொன்ன மாதிரியே நிதானமாக வந்து கையை மோந்தது. "பொட்டை வேணாம் சார், வருசத்துக்கு ரெண்டு தடவ குட்டி போடும், யாரு பார்க்கிறது?" என்றார். இப்படி வேண்டாம் என்று ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்ட பெட்டைக் குட்டிகள்தான் பிறகு ஊசி போடாத தெரு நாய்களைப் பெருக்குகின்றன. பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்யலாம், ஆறேழு மாதத்தில் செய்துவிட்டால் குட்டித் தொல்லை கிடையாது, காவலும் குறையாது. கால்நடை மருத்துவமனையில் கேட்டு நாள் வாங்கிக் கொள்ளலாம். இதையெல்லாம் சொல்லியும் அவர் கடுவனைத்தான் எடுத்தார். எடுக்கட்டும், ஊசி போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு பெட்டைகளும் இன்னும் அந்த வீட்டு வைக்கோல் போரடியில்தான் இருக்கின்றன. இப்போது 9 வாரம். சாம்பல் குட்டி வேண்டும் என்றால் சீக்கிரம் கேளுங்கள்.